சாலுக்கு ஒரு பொய்

ரஹீமுன்னிசா சாலுக்குள் கம்பை விட்டு ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, நுரை வருமா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. கழுத்து மட்டும் வெளியே தெரியத் தரையில் புதைத்திருந்த அந்தப் பெரிய மண்சாலிலிருந்து ஊத்தை நாற்றம்தான் எழும்பியது. உயிரோடிருக்கும் நீலச்சாலும் நாறத்தான் செய்யும். அவுரி நீலக்கட்டியும் சுண்ணாம்பும் வெல்லமும் வேகவைத்த தகரை விதையும் சேர்ந்து புளிக்கிற இடத்தில் மல்லிகைப்பூ வாசமா வரும்? ஆனால் அது உயிருள்ள நாற்றம், அவளுக்குப் பழகிய நாற்றம். இது வேறு. ஒரு துண்டுத் துணியை முக்கி எடுத்தாள். நல்ல சால் என்றால் துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். இந்தத் துணி சாக்கடைச் சாம்பல் நிறத்தில் வந்தது, அப்படியே கிடந்தது.

"மூஞ்ச தூக்கி வச்சிகினு கீது க்கா," என்றாள் பக்கத்தில் நின்ற மலர்க்கொடி.

கார்த்திகை மழை. துறைமுகத்துக்கு நேரே கடலில் புயல் வந்து நின்றுகொண்டு, போகவும் இல்லை, கரையேறவும் இல்லை. தண்டையார்பேட்டைச் சந்துகளில் தண்ணீர் முழங்காலுக்கு நின்று வடிந்து, மறுபடி நின்றது. வெயில் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. சாலுக்குச் சூடு வேண்டும், இல்லாவிட்டால் தூங்கிப்போகும். அவர்களும் சும்மா இருக்கவில்லை. சாலைச் சுற்றித் தவிட்டு மூட்டை அணைத்தார்கள், மேலே கோணியைப் போர்த்தினார்கள், பேரீச்சம்பழத்தைக் கரைத்து ஊற்றினார்கள். பிள்ளை பெற்றவளுக்குக்கூட இந்தச் சந்தில் இத்தனை பணிவிடை நடந்திருக்காது. சால் கண்ணைத் திறக்கவில்லை.

கடையில் ஹைட்ரோஸ் கிடைக்கும், வெள்ளைப் பவுடர். ஒரு கரண்டி போட்டால் எந்தச் சாலும் அரைமணியில் சாயம் பிடிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் உறை செத்துவிடும். அது அவள் புருஷன் அத்தாவுல்லாவின் தகப்பனார் காலத்திலிருந்து அணையாமல் வருகிற உறை. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல ஒரு சாலிலிருந்து அடுத்த சாலுக்கு எடுத்து ஊற்றிக் காப்பாற்றியது. அது போய்விட்டால் பிறகு பவுடர்தான், சாகும்வரை பவுடர்தான். ரஹீமுன்னிசாவிடம் துணி வாங்கி மயிலாப்பூரில் விற்கும் சில்வியா மேடமும் ஃபோனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். வருஷக் கடைசிக் கண்காட்சிக்கு அந்தத் துணி வந்தாக வேண்டும். 'மருந்து கலவாத அசல் நீலம்' என்று சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். நீலம்தான் இன்னும் வரவில்லை.

"பாய் இருந்தா இந்நேரம் ஒரு டூப்பு வுட்டிருப்பாரு," என்றாள் மலர்க்கொடி.

அத்தாவுல்லா மவுத்தாகி ஒரு வருஷம் ஆகிறது. அவர் இல்லாமல் சால் கெடுவது இதுதான் முதல் தடவை. அவர் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சால் கெட்டுப்போனால், எல்லா வைத்தியமும் செய்து பார்த்துவிட்டு, கடைசியாக வெளியே போய் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வர வேண்டும். வீட்டு ஆள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பொய் வாய்க்கு வாய் ஏறி ஊரில் நடக்க ஆரம்பித்தால் சாலுக்கு உயிர் வந்துவிடும். சொன்னவர் மட்டும் அதை வாபஸ் வாங்கக் கூடாது. வாங்கினால் சால் மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். அத்தாவுல்லா இதில் மன்னன். காசிமேட்டில் வலை இழுத்தால் ஆட்டோ ஒன்று மாட்டியிருந்தது, கரையில் எடுத்துப் போட்ட பிறகும் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று பொன்ராஜ் டீக்கடையில் ஒருமுறை சொல்லிவிட்டு வந்தார். ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே மணலிவரைக்கும் கொண்டுபோயிற்று. மறுநாள் சாலில் பூத்தது பாருங்கள் நுரை! பொய் சொல்வது ஹராம் என்று ரஹீமுன்னிசா சண்டை பிடிப்பாள். "சாலுக்குச் சொன்னா கணக்குல வராது," என்பார் அவர். பொய்யை நாம் ஊட்டி வளர்க்கக் கூடாது, கேட்கிறவர்களே அதற்குச் சோறு போடுவார்கள், அவர்கள் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று தொழில் ரகசியம் வேறு சொல்வார்.

"நீ ஒண்ணு வுடு க்கா," என்றாள் மலர்க்கொடி.

"எனக்குப் பொய் வராது மலர்."

"அது எனக்குத் தெரியாதா? நீ பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. அதுக்கோசரம் சாலு சாவுறத பாத்துக்கினு நிப்பியா?"

மலர்க்கொடிக்கு அடுத்த சந்து. துணி பிழிவதற்கு அவளைவிட்டால் ஆள் கிடையாது. அவள் முறுக்கினால் துணியில் சொட்டுத் தண்ணீர் தங்காது. புருஷன் வேலப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன். மகள் மகிழினி தூளியில் கிடந்த காலத்தில் ஒருநாள் காலையில் வேலைக்குப் போனான், போனவன்தான். இப்போது மகிழினி ஒன்பதாவது படிக்கிறாள். அவன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் மலர்க்கொடி இத்தனை வருஷமும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ், ஜோசியம், கோயில், தர்கா எல்லாம் ஏறி இறங்கி அலுத்து, அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ரஹீமுன்னிசாவும் கேட்பதில்லை. சாலடியில் இரண்டு பேருக்கும் பேச வேறு ஆயிரம் இருந்தது.

மறுநாள் காலை ரேஷன் கடை வரிசையில் ரஹீமுன்னிசா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். "நேத்து காசிமேட்டுல ரெக்க வச்ச மீன் ஒண்ணு மாட்டிச்சாமே," என்று மெல்ல ஆரம்பித்தாள். முன்னால் நின்ற எழில்மொழி திரும்பி, "பாமாயில் இன்னிக்குப் போடுறானா இல்லியா, அத்த கேளு மொதல்ல," என்றாள். மீன் அங்கேயே செத்துவிழுந்தது. ரஹீமுன்னிசாவுக்குக் காது சிவந்துவிட்டது. இந்த வயசில் இதற்கு ஒரு வெட்கம் வேறு. அத்தாவுல்லா சொன்னால் கிரேன்மேல் குதிரை ஏறும், அவள் சொன்னால் மீனுக்கு ரெக்கைகூட முளைக்காது.

நம்புகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் திறந்ததும் தானாக வந்தது.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரசொல்ல, திருவொத்தியூர் ஸ்டேசன்ல ஒருத்தரப் பாத்தேன். வூட்ட வுட்டுப் போயி ரொம்ப வருசம் ஆச்சாம். இப்போ வூடு எங்கன்னு தெரியலன்னு குந்திக்கினு அழுவுறாரு. பாவமா இருந்துச்சு."

எழில்மொழி முழுசாகத் திரும்பினாள். பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள்.

"எந்த ஏரியாவாம்?"

"இந்தப் பக்கம்தான்னாரு."

"கறுப்பா?"

"ஆமா."

"தாடி வச்சிகினு?"

"ஆமா."

"கால இழுத்து இழுத்து நடந்தாரா?"

"ஆமா," என்றாள் ரஹீமுன்னிசா. அந்த ஆளை ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்தவளே அவள்தான் என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. பொய் இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 'பாத்தீங்களா?' என்று செத்துப்போனவரிடம் சொல்லிக்கொண்டாள்.

அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு சந்துமுனை திரும்பும்போதுதான் அந்தக் கால் யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. காணாமல் போவதற்கு முந்தின வருஷம் வேலப்பனின் பாதத்தில் இரும்புத் தகடு விழுந்தது. அதற்குப் பிறகு அவன் வலது காலை இழுத்துத்தான் நடந்தான். தகரத்தைத் தரையில் தேய்ப்பதுபோல அவன் செருப்பு சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். ரஹீமுன்னிசா தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போய், இல்லையம்மா, நான் சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடலாம். சொல்லியிருக்க வேண்டும். வாபஸ் வாங்கினால் சால் போய்விடும் என்று ஒரு பக்கம். சாயங்காலத்துக்குள் இதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று இன்னொரு பக்கம். மழை வேறு வலுத்தது. அவள் வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் மலர்க்கொடி வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் ரஹீமுன்னிசாவின் கைபேசிக்கே அந்தச் செய்தி வந்து சேர்ந்தது, ஏரியா குரூப்பில். 'நம்ம வேலப்பன் அண்ணன் கிடைத்துவிட்டார், அதிகம் பகிரவும்.' கீழே ஒரு போட்டோ. எந்த ஊர் ஸ்டேஷனோ, எவன் எடுத்ததோ, தாடியோடு குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு மனிதனின் பாதி முகம். அவள் பெற்ற பொய்க்கு ஊர் முகமும் கொடுத்துப் பேரும் வைத்துவிட்டது. அன்றைக்கு மஃரிபு தொழுதுவிட்டு அவளால் கையேந்திக் கேட்க முடியவில்லை. எதைக் கேட்பது?

அடுத்த நாள் மதியம் மலர்க்கொடி நேரே சாலடிக்கு வந்தாள். கல்யாணம் காட்சிக்கு மட்டும் கட்டும் ஊதாப் புடவை, முட்டிவரை சேறு. தலையில் பூ. நேற்றும் இன்றும் திருவொற்றியூர் ஸ்டேஷனிலேயே கிடந்திருக்கிறாள்.

"க்கா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"குந்து மொதல்ல. டீ போடறேன்."

"டீ கீ ஒண்ணும் வேணாம். ரேசன் கடைல சொன்னது நீதான்னு எழிலு சொல்லுது. மெய்யாலுமே பாத்தியா? இல்ல, சாலுக்கு வுட்டதா?"

கேட்டுவிட்டாள். இப்படி முகத்துக்கு நேரே கேட்பாள் என்று ரஹீமுன்னிசா நினைக்கவில்லை. ஆனால் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். 'சாலுக்குத்தான் மலர்.' அவ்வளவுதான். இவள் அழுவாள், கத்துவாள், காறித் துப்புவாள், ஒரு மாதம் பேசமாட்டாள். சால் சாகும், சாகட்டும். வாயைத் திறந்தாள்.

"ஏன்னா, அங்க டீ விக்கிறவரும் பாத்தேங்கிறாரு," என்றாள் மலர்க்கொடி அதற்குள். "கால இழுத்துக்கினு ஒருத்தர் எண்ணூர் பக்கம் நடந்து போனாருன்னு. ஊரு ஆயிரம் சொல்லும் க்கா. நீ சொன்னா நான் நம்புவேன். நீ பாத்தியா?"

எத்தனையோ வருஷமாக இந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு வெளிச்சம் அதில் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. டீ விற்பவரும் பார்த்திருக்கிறார் என்றால் ஒருவேளை, ஒருவேளை நிஜமாகவே... சொன்ன பொய் தனக்கே ஒரு கணம் உண்மையாகத் தெரிந்தது. சொன்னவளே நம்ப ஆரம்பிப்பதைவிடக் கேவலம் வேறு இல்லை.

"பாத்தேன் மலர்," என்றாள். "என் கண்ணால பாத்தேன்."

மலர்க்கொடி சாலடி ஈரத்திலேயே உட்கார்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்து முகத்தில் அப்பிக்கொண்டாள். நீலம் ஏறி ஏறி நகக்கண் கறுத்த கைகள். ரஹீமுன்னிசாவால் அவற்றை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் கோணியை விலக்கினாள். சால் பூத்திருந்தது. நடுவில் கைப்பிடி அளவு நீல நுரை, சுற்றிலும் செம்புத் தகடு போட்டதுபோல மினுமினுப்பு, கம்பை விட்டால் அடியில் மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர். மேலே பார்த்தால் வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. புயல் ஆந்திராப் பக்கம் போய்விட்டதாம். வெயிலால் பூத்ததா, பேரீச்சம்பழத்தால் பூத்ததா? வேறு யாராவது என்றால் அப்படித்தான் சொல்வார்கள். ரேஷன் கடைப் பொய்க்கு அசையாத சால், மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்துச் சொன்னதற்குப் பூத்தது என்றுதான் ரஹீமுன்னிசாவுக்குப் பட்டது. "மானங்கெட்ட நாயே," என்று சாலைத் திட்டினாள். திட்டிக்கொண்டே துணியை முக்கினாள். வேலை நிற்குமா?

அந்த நீலம் மாதிரி ஒரு நீலம் அவர்கள் சாலில் விழுந்ததே இல்லை. சில்வியா மேடம் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எப்படிக்கா இப்படி வந்துச்சு?" என்று கேட்டார். மழை நின்னதும் வந்துச்சு மேடம் என்றாள் ரஹீமுன்னிசா. அதுவும் ஒரு விதத்தில் நிஜம்தான்.

மலர்க்கொடி வேலைக்கு வருவது குறைந்தது. கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று கும்மிடிப்பூண்டி லைனில் ஒரு ஸ்டேஷன் பாக்கியில்லாமல் இறங்கி ஏறினாள். கைபேசியில் அந்தப் பாதி முகத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டாள். கேட்ட இடத்திலெல்லாம் யாராவது ஒருத்தர் பார்த்திருந்தார்கள். இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, பாவிகளா. மகிழினி பள்ளிக்கூடம் விட்டு ரஹீமுன்னிசா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனாள். அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் சாப்பிடும். ஒருநாள் மட்டும், "அவரு வந்தா எங்க கூடவே இருப்பாரா ஆன்ட்டி?" என்று கேட்டது. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ என்றாள் ரஹீமுன்னிசா.

சொல்லிவிடத்தான் பார்த்தாள். தை பிறக்கட்டும் என்று தள்ளினாள். பிறந்தது. துணிக்குக் காசு வந்து சேரட்டும் என்று தள்ளினாள். சேர்ந்தது. தள்ளத் தள்ள அந்தச் சொல் கனத்துக்கொண்டே போயிற்று. மலர்க்கொடி இளைத்துத் துரும்பானாள், ஆனால் நெற்றியில் பொட்டு முன்னைவிடப் பெரிசாயிற்று.

மாசியில் காலம் தப்பி வானம் மூடிக்கொண்டது. இரண்டு நாள் தூறல். சால் மந்தமாகத்தான் இருந்தது, செத்துவிடவில்லை. அந்த இரண்டாம் நாள் மலர்க்கொடி ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே வேலப்பனின் வெள்ளைச் சட்டை. பெட்டி அடியில் கிடந்து கிடந்து மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"இத்த முக்கிக் குடு க்கா. நீலத்துல போட்டா கறை தெரியாது. வந்தா போட்டுக்க நல்லதா ஒண்ணு வேணாமா?"

ரஹீமுன்னிசா சட்டையைக் கையில் வாங்கினாள். காலரில் அந்த மனிதனின் கழுத்து அழுக்கு இன்னும் கோடாக இருந்தது. அவளால் அதற்குமேல் முடியவில்லை.

"மலர், நான் யாரையும் பாக்கல."

"இன்னா?"

"ஸ்டேசன்ல. யாரும் இல்ல. நான் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கே போவல. சாலுக்காவ ரேசன் கடையில ஒரு பொய்ய வுட்டேன். பேரு நான் சொல்லல. அவங்க கால் இழுக்குமான்னு கேட்டாங்க, நான் ஆமான்னுட்டேன். அப்பறம் நீ வந்து கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். என்ன செருப்பால அடி. அவரு வரல மலர். நீ இனிமே அலையாத."

மலர்க்கொடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைத் திருப்பிச் சாலைப் பார்த்தாள், நுரை அடங்கிக் கிடந்த சாலை. அண்ணாந்து மூடிய வானத்தைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல இளகி, உதடு கோணி, சிரிப்பு வந்துவிட்டது.

"அடிப்பாவி! சாலு மறுபடி கெட்டுப்போச்சா?"

"மலர்..."

"என்னாண்டயே வுடறியா டூப்பு? நல்லா வேல கத்துக்கின க்கா. பாய் தோத்தாரு போ! ஒரு நிமிசம் எனக்கே பகீர்னு ஆயிடுச்சு."

"அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"சாலுக்குச் சொன்னா கணக்குல வராதுன்னு பாய் சொல்லுவாரே," என்றாள் மலர்க்கொடி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. "சரி, நானும் போயி நாலு பேராண்ட சொல்றேன். வேலப்பன் வரலியாம், பாயம்மா பாக்கவே இல்லியாம்னு. போதுமா? இப்ப அந்தச் சட்டைய முக்கு. ரயிலுக்கு நேரமாவுது எனக்கு."

ரஹீமுன்னிசாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த நல்ல பேரை ஒரு பொய்க்குச் செலவழித்தாயிற்று. உண்மைக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. அவள் குனிந்து சட்டையைச் சாலுக்குள் விட்டாள். கையை முழங்கைவரை உள்ளே விட்டு, தண்ணீர் கலங்காமல், துணி மேலே வராமல் அழுத்திப் பிடித்தாள். சால் வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே எடுத்ததும் மலர்க்கொடி வாங்கி, கிழியாமல் பதமாகப் பிழிந்தாள். தோள்பட்டை இரண்டையும் பிடித்து உதறித் தூக்கிக் காட்டினாள். இளந்தென்னங்குருத்துப் பச்சை. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. காலரில் முதலில் நீலம் தொட்டது, பிறகு தோள், பிறகு கை. எங்கெல்லாம் காற்றுப் பட்டதோ அங்கெல்லாம் ஏறிக்கொண்டே போயிற்று. அழுக்கும் பழுப்பும் இருந்த இடம் தெரியவில்லை. இவ்வளவு ஆழமான நீலத்தை ரஹீமுன்னிசா அன்றைக்குப் பூத்த சாலில்கூடப் பார்த்ததில்லை.

மார்புப் பை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததால் உள்பக்கம் பச்சையாகவே நின்றது. மலர்க்கொடி இரண்டு விரலை உள்ளே விட்டு, பையை மெதுவாகத் திறந்து, காற்று போவதற்காக வாயை வைத்து ஊதினாள்.